மேலக்காவின் கழுத்து

எங்கள் இரும்பு யார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மூன்று மாடி உயரத்தில், தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கேபினில் உட்கார்ந்திருப்பதால் அவள் மேலக்கா. கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டுகிறவள் நான். என்னை எவனாவது கீழக்கா என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும், அன்றைக்கு இருக்கிறது அவனுக்கு.

பதினோரு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு. நான் கையைத் தூக்கினால் அவள் இரும்புத் தகட்டைத் தூக்குவாள். நான் முஷ்டியை மடக்கினால் நிறுத்துவாள். கேபினின் தரை கண்ணாடி. ஷிப்டு முழுக்க அதன் வழியாகக் குனிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டின புருஷன் முகத்தைக்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாய் என்று கிண்டல் செய்வேன். "அவர் முகத்தைப் பார்த்தா சம்பளம் தர்றாங்களா?" என்பாள். பத்து டன் தகட்டை, தூங்குகிற குழந்தையைப் பாயில் போடுவது போலச் சத்தமில்லாமல் இறக்குவாள். அப்படி ஒரு கை அவளுக்கு.

போன வருஷம் ஒரு காலையில் தகட்டை இறக்கி வைத்ததோடு கிரேன் நின்றுவிட்டது. நான் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன், அசைவே இல்லை. ஏறிப் போன மெக்கானிக் மேலிருந்து கத்தினார்: "கிரேனுக்கு ஒண்ணுமில்ல! அக்காவுக்குத்தான் தலை நிமிரல!" இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டு அவள் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாளாம். அவளைக் கீழே இறக்க ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு உயிரே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கழுத்துக்குக் காலர் போட்டார்கள். மூன்று மாதத்தில் வலி போனது. ஆனால் காலரைக் கழற்றினால் நாலு துணி மடிப்பதற்குள் தலை முன்னால் சாய்ந்துவிடும். காலர் தாங்கித் தாங்கிக் கழுத்து சொகுசு கண்டுவிட்டது.

அதற்குள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆறு வாரத்தில் கம்பெனி டாக்டர் சோதிப்பார். தேறினால் கிரேன். தேறாவிட்டால் ஸ்டோர் ரூமில் கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. அதே சம்பளம்தானே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போலிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மேலக்கா என் வீட்டுக்கு வந்து அழுதாள். அதற்கு முன் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"அந்தக் கேபின்ல ஏறுறதுக்கு எத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கியிருக்கேன் தெரியுமாடி? கையுறை குடுக்கவா அத்தனையும்?"

மறுநாளே அவளைப் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்னப் பெண்தான், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினாள். "காலரைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடுங்க. இனிமே கழுத்துக்கு வேலை குடுக்கணும்" என்று ஒரு தலைப்பட்டையைக் காட்டினாள். மல்யுத்தக்காரர்கள் போடுவது. தலையில் மாட்டினால் முகத்துக்கு முன்னால் ஒரு சங்கிலி தொங்கும், அதில் எடையைக் கோர்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தலையை மெல்ல நிமிர்த்தி மெல்லக் குனிய வேண்டும். பத்து முறை, ஓய்வு, மறுபடி பத்து முறை. "வலிச்சா உடனே நிறுத்திடுங்க. என்கிட்ட சொல்லுங்க. இது ஒண்ணுதான் சட்டம்" என்றாள்.

கடைப் பட்டை மேலக்காவுக்கு மூக்கு வரை இறங்கியது. மல்யுத்தக்காரன் தலை என்ன, எங்கள் அக்கா தலை என்ன! அங்கேதான் மாமா வந்தார். மாமா என்றால் அவள் வீட்டுக்காரர், வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நான் தைக்கிறேன்" என்றார். முதலில் தைத்தது காதை இழுத்தது. அடுத்தது கொண்டையில் வழுக்கியது. மூன்றாவதைச் சீட் பெல்ட் நாடாவில் தைத்து, நெற்றிக்கு ஸ்பாஞ்சு வைத்து, பிடரிக்கு ஒரு குறுக்குவாரும் கொண்டைக்கு ஓர் ஓட்டையும் விட்டார். தானே மாட்டிப் பார்த்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"கடிவாளம் ஒண்ணுதான் குறை மாமா" என்றேன். மேலக்கா மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

எடைக்கு, யார்டில் கேட்டு வாங்கிய பழைய நட்டுகள். ஒவ்வொன்றும் கால் கிலோ. பிசியோ பெண் கையில் வாங்கி எடை போட்டுப் பார்த்துச் சரி என்றாள். முதல் வாரம் இரண்டு நட்டு, அப்புறம் வாரத்துக்கு இரண்டு கூட்டிக்கொண்டே போகலாம். நாலாவது வாரம் எட்டு நட்டு. பாதி நாள் காலர் இல்லாமல் தலை நேராக நின்றது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்டதற்கு மேலக்கா இடுப்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பதில் சொன்னாள். நாங்கள் தலைகால் புரியாமல் ஆடினோம்.

அங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா கடைக்குப் போயிருந்தார். "ஏன்க்கா, ரிப்பேர் பார்த்த கிரேனை லோடு டெஸ்ட் பண்ணாம விடுவோமா?" என்று கேட்டேன்.

எங்கள் யார்டில் எந்தக் கிரேனைப் பழுது பார்த்தாலும், அது தூக்க வேண்டிய எடையில் ஒன்றேகால் மடங்கைத் தூக்கவைத்துப் பத்து நிமிஷம் தொங்கவிடுவோம். தாங்கினால்தான் வேலைக்கு அனுப்புவோம். அது எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். மேலக்காவின் கண் மின்னியது. எட்டு நட்டில் ஒன்றேகால் மடங்கு பத்து நட்டு. நானே கோர்த்தேன். நானே கடிகாரத்தைப் பிடித்தேன். அவள் தலையை நிமிர்த்தி அப்படியே நிறுத்தினாள்.

மூன்று நிமிஷம். ஐந்து நிமிஷம். "வலிக்குதாக்கா?" என்றேன். "இல்லடி" என்றாள். பொய். முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது, இருந்தும் இல்லை என்றாள். ஏழாவது நிமிஷத்தில் "அம்மா!" என்ற ஒரே சத்தம். நட்டுகள் தரையில் உருண்டன. இடது தோளும் காதும் ஒட்டிக்கொண்ட மாதிரி கழுத்து பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்த மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிசியோ பெண்தான் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "லோடு டெஸ்ட்டா? ரெண்டு பேருக்கும் எங்கேர்ந்துங்க வந்துச்சு இந்தப் புத்தி?" நான் கிரேன் கணக்கை விளக்கப் போக, கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "கழுத்துக்கு முடியுமா முடியாதான்னு பார்க்க நட்டு வேண்டாம்மா. அதுவே சொல்லும். அது சொல்றதை நீங்க மறைக்காம இருந்தா போதும்" என்று மேலக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

சோதனைக்கு இரண்டே வாரம். ஒரு வாரம் ஓய்விலும் ஒத்தடத்திலும் போனது. அடுத்த வாரம் நட்டே இல்லை. மாமா பின்னால் நின்று அவள் பிடரியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார், அவள் மெல்ல எதிர்த்துத் தள்ளுவாள். ஐந்து எண்ணி விடுவார். "வலிக்குதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவர் வாழ்நாளில் பேசிய மொத்தப் பேச்சும் அந்த ஒரு வாரத்தில்தான் இருக்கும்.

சோதனை நாள் வந்தது. டாக்டர் அவளைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, தலை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க, நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார். திருப்பினாள். "சரி, இப்போ கிரேன்ல அரை மணி நேரம்" என்றார்.

அவள் ஏறினாள். டாக்டரும் சூப்பர்வைசரும் என் பின்னால் நின்றார்கள். நான் வழக்கமாகக் கொக்கிக்கு ஒட்டிய மாதிரி நிற்பேன். பத்தடி தள்ளி நின்றால் அவள் அவ்வளவு குனிய வேண்டாமே என்று தோன்றியது. யாருக்கும் தெரியாமல் நகர்ந்தேன். ஹாரன் அலறியது. ஒலிபெருக்கியில் யார்டு முழுக்கக் கேட்டது: "எங்கடி போற? அங்க உன் கையைப் பார்த்தா தகட்டு ஓரம் எனக்குத் தெரியல. உன் இடத்துல நில்லு!"

போய் நின்றேன். அவள் முழுசாகக் குனிந்து என் கையைப் பார்த்தாள். தகடு எழுந்தது, நகர்ந்தது, சத்தமில்லாமல் இறங்கியது. மறுபடியும், மறுபடியும். நடுவில் ஒரு தடவை மட்டும் இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தூக்கவில்லை.

கீழே வந்தவளிடம் டாக்டர் கேட்டார்: "வலி இருந்துச்சா?"

இல்லை என்று சொல், சொல்லித் தொலை என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இருந்துச்சு டாக்டர்" என்றாள். "இருபதாவது நிமிஷம் இடது பக்கம் பிடிச்சுது."

பாவி, காரியத்தையே கெடுத்துவிட்டாளே என்று தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

"அப்போ என்ன பண்ணீங்க?"

"லோடை இறக்கி வச்சேன். நிமிர்ந்து ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தேன். விட்டுச்சு. அப்புறம் தூக்கினேன்."

டாக்டர் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டர் எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், என் பொறுமை போயே போய்விட்டது. கடைசியில் காகிதத்தை மேலக்காவிடம் நீட்டினார். "நடுவுல நீங்க நிறுத்தினதை நானும் பார்த்தேன். வலி இல்லைன்னு சொல்லியிருந்தா ஸ்டோருக்குத்தான் எழுதியிருப்பேன். இருபது நிமிஷம் வேலை, அஞ்சு நிமிஷம் ஓய்வு. மாசம் ஒரு தடவை என்கிட்ட வரணும். கிரேன் ஓட்டலாம்."

அவள் இரண்டு தடவை படித்துவிட்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தாள். எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னிக்கே ஓட்டலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"ஓட்டுங்களேன்" என்றார்.

"என்னடி அழுதுக்கிட்டு நிக்கிற? லாரி மூணு நிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே மேலக்கா ஏணியில் கால் வைத்தாள்.