நீலச் சாயம் ஏற்றிய ஊசி

என் அலமாரியின் மேல்தட்டில் மூலை உடைந்த தெர்மோகோல் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஓர் ஊசிக்குழல். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கைடின் ஞாபகம் வரும். அடுத்த நொடியே வாய் கசந்துவிடும்.

இரண்டாயிரங்களின் நடுவில் மதுரையில் நான் மருந்தியல் மேற்படிப்பு படித்தபோது அவர்தான் எனக்கு ஆய்வு வழிகாட்டி. வாய்ப்புற்றுக்கு ஒரு ஜெல் செய்துகொண்டிருந்தோம். குளிரில் தண்ணீராக இருக்கும், உடம்புச் சூடு பட்டால் உறைந்துவிடும். கட்டிக்குள்ளேயே ஊசியால் ஏற்றினால் அங்கேயே தங்கி, புற்றுமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். யோசனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எலிகளைத் தாண்டி நாங்கள் ஓர் அடிகூடப் போகவில்லை. அந்த எலிகளைப் பார்த்துக்கொண்டவளும் நான்தான். அவர் பார்த்துக்கொண்டதெல்லாம் கேமராவையும் தன் தலைவாரலையும்தான்.

கருத்தரங்கில் காட்டுவதற்கு அவருக்கு வாய்ப்புண் படங்கள் வேண்டியிருந்தன. என் ஊர்ப்பக்கம் பட்டாசுக் கம்பெனிகள் என்று தெரிந்ததும் கண் மின்னியது. கம்பெனிக்குள் நெருப்பு ஆகாது என்பதால் வாசலிலேயே மடியைத் தடவிப் பீடியைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் ஆணும் பெண்ணும் காலையில் கன்னத்தில் அதக்கும் புகையிலை சாயங்காலம்வரை கிடக்கும். ஆமத்தூரில் இருந்த என் சின்னம்மாவும் அப்படித்தான். இடக்கன்னத்தில் ஆறாத புண். மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

கத்திரி வெயிலில், ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்புற்று முகாம் போட்டார். செயல்விளக்கத்துக்காக முந்தின நாள் ஜெல் கலக்கினேன். “மருந்தெல்லாம் வேண்டாம்மா, வீண் செலவு. நீலச் சாயம் போடு, பளிச்சுனு தெரியும்” என்றார். போட்டேன். பெட்டியில் ஐஸ் வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். கார் சீட் நனைந்துவிடுமாம். ஐஸ் வேண்டாம் என்றுவிட்டார்.

கன்னத்தை அறுக்க வேண்டியதில்லை, ஒரே ஊசிதான், சீக்கிரமே வருகிறது என்று மேடையில் வாய் கிழியப் பேசினார். எலி என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. பிறகு ஊசியை எடுத்து அமுக்கினார். வெயிலில் கிடந்த ஜெல் குழலுக்குள்ளேயே உறைந்து போயிருந்தது. பல்லைக் கடித்து அமுக்கியதில் ஊசிமுனை தெறித்து மேசைக்கடியில் ஓடியது. “குளுமையா வச்சா திரும்ப இளகிடும்” என்று சமாளித்தார்; முகத்தில் அசடு வழிந்தது. பின்வரிசைப் பெண் ஒருத்தி, “மருந்த வெயில்ல வைக்கக் கூடாதுன்னு எங்களுக்கே தெரியும்” என்றாள். கூட்டம் சிரித்தது. நானும் உள்ளுக்குள் சிரித்தேன்.

சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய், “சார், அந்த ஊசி எனக்கு எப்பப் போடுவீக? அறுத்துட்டா நான் எப்படி வெளிய தலகாட்டுவேன்?” என்று கேட்டார்.

“வரும், வரும். வாயை நல்லாத் திறங்க” என்று படமெடுத்துக்கொண்டார் அந்தப் பெரிய மனிதர்.

சின்னம்மா என் பக்கம் திரும்பினார். “நீ படிக்கிற எடத்துலதான தாயி செய்யிறாக? எனக்கு வராமலா போயிரும்?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் ஆய்வேட்டில் கைடு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு மண்டையை ஆட்டினேன். அவரைக் கேவலம் என்று சொல்லும் வாய்க்கு, அந்த ஆட்டத்துக்குச் சொல்ல வேறு சொல் கிடைக்கவில்லை.

உறைந்த ஊசிக்குழலோடு பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். பஸ்ஸில் தூக்கிச் சுமக்கச் சலித்து அதைச் சின்னம்மா வீட்டில் போட்டுவிட்டுப் போனேன். ஆபரேஷன் நாளில் சின்னம்மா மதுரைக்குப் போகவில்லை என்பது தீபாவளி சீசன் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் கட்டி கழுத்துக்கு இறங்கியிருந்தது. இனி அறுத்தும் பயனில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பங்குனிக்குள் போய்ச் சேர்ந்தார். அவர் வாயின் படத்தைக் காட்டி என் கைடு அந்த வருடம் ஒரு கேடயம் வாங்கினார். அதை மேசைமேல் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் தானே துடைத்துக் காட்டுவார். எனக்கும் கையெழுத்துக் கிடைத்தது. இன்று நானும் ஒரு கைடு. அந்த ஊசி இன்னும் எங்கள் ஊருக்கு வரவில்லை.

சின்னம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பட்டாசு வேலைக்காரர்கள் சூடு தாங்காததைப் பாதுகாப்பது போல, நனைத்த சாக்கு சுற்றியிருந்தது. தொட்டால் ஈரம். சித்தப்பா சொன்னார்: “குளுமையா வச்சா எளகிரும், நீ வந்து போட்டுவிடுவன்னு தெனமும் தண்ணி தெளிச்சா. படுத்ததுக்கப்புறம் என்னையத் தெளிக்கச் சொன்னா. நிப்பாட்டச் சொல்லல, அதான் தெளிச்சிக்கிட்டே இருக்கேன்.”

பெட்டியை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே இருந்தது வெறும் நீலச் சாயம் என்று சித்தப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.