அடிமட்டம் வைத்துக் கீறிய மலை

அந்த ஓவியத்தில் ஒரு வளைவுகூட இல்லை. மலை ஒரு முக்கோணம். வயல்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் சாய்சதுரங்கள். ஆறு, மேலிருந்து வெட்டி இறங்கும் ஒரு வெள்ளைப் பட்டை. ஒஸ்லோவில் நான் வழிகாட்டியாக வேலை செய்த சிறிய கலைக்கூடத்துக்கு ஓர் இத்தாலிய ஓவியரின் படங்கள் வந்திருந்தன. தன் ஊர் நிலத்தை அவர் அளவுகோலை, எங்கள் பேச்சில் அடிமட்டத்தை, வைத்து நேர்கோடுகளால் மட்டுமே வரைந்தார். மரம், வீடு, மேகம் என்று பெயர் சொல்லக்கூடியதையெல்லாம் கழித்துவிட்டு விளிம்புகளை மட்டும் மிச்சம் வைத்தார். சற்று நின்று பார்த்தால் அந்த வடிவங்களுக்குள்ளிருந்து தூரமும் மாலை வெளிச்சமும் எழுந்து வரும். என் பல்கலைக்கழக ஆய்வும் அவரைப் பற்றியதுதான். நேர்கோட்டைப் பற்றி இரண்டு பேர் மாறுபட முடியாது, அதனால்தான் அவர் அதை நம்பினார் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமை அதிகம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் என்ற துறைமுக ஊரில் மீன் வெட்டியவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, பாடங்களைப் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்து, பஸ் சாரதியானார். தன்னுடைய பட்டம் அதுதான் என்பார். வேலை முடிந்த ஒரு மாலையில், சாரதிச் சட்டையோடே அந்தக் கண்காட்சியைப் பார்க்க வந்தார்.

"மலையை என்ன வடிவா வளைச்சிருக்கிறான். கைகாரன்தான்" என்றார்.

"அப்பா, அதிலை வளைவே இல்லை. முழுக்க அடிமட்டம் வைச்சுக் கீறினது."

"படிச்சது நீ. கண் என்ரை. எனக்கு வளையுது."

நான் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, நேர்கோடு ஏன் முக்கியம் என்று விளக்கத் தொடங்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு வாசலைக் காட்டினார். "அப்ப உந்தக் கதவுநிலை? அதுவுமெல்லே நெளிஞ்சு கிடக்கு. உங்கடை கட்டடம் அவ்வளவு பழசோ?"

அது புதிய கட்டடம். என் சிரிப்பு நின்றுபோனது.

கண் வைத்தியர் அப்பாவின் ஒரு கண்ணை மூடச் சொல்லி, சதுரங்கள் நிறைந்த ஒரு தாளைக் காட்டினார். நடுவில் ஒரு புள்ளி. கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று கேட்டார். "நேர். எல்லாம் நேர்" என்று அப்பா நோர்வேஜிய மொழியில் சொன்னார். சரியான பதில் எதுவென்று அவருக்கு என் விளக்கத்திலிருந்தே தெரிந்திருந்தது.

"அப்பா, அண்டைக்கு வளையுது எண்டெல்லே சொன்னனீங்கள்?"

வைத்தியரைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமலே தமிழில் சொன்னார்: "வாயைப் பொத்திக்கொண்டு இரு பிள்ளை. நான் பஸ் ஓடவேணும்."

அவருடைய பஸ்ஸில் குழந்தைகள் ஏறுவார்கள். அம்மாவும் ஏறுவா. நான் வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். வீடு திரும்புகையில், சுரங்க ரயிலிலிருந்து இறங்கும்போது அப்பா, "நல்லாப் படிச்சிருக்கிறாய்" என்றார்.

பஸ் வேலை போய்விட்டது. கண்ணும் மிஞ்சவில்லை. ஊசிக்கு மேல் ஊசியாகப் போட்டும் பலனில்லை; வலது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். இப்போது இடது கண்ணிலும் அதே நோய். பார்வையின் நடுப்பகுதி அழிந்து, ஓரம் மட்டும் மிச்சமிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டுமோ, அதிலிருந்து முகத்தைத் திருப்பினால்தான் அது கொஞ்சமாவது தெரியும். வேறு மருந்து இருக்கிறதா என்று நான் கேட்காத இடமில்லை. எல்லோரும் தன்மையாகத்தான் இல்லை என்கிறார்கள்.

ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில் உள்ள அப்பாவின் வீட்டில் நான் எதிரே போய் உட்கார்ந்தால் அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். என்னைப் பார்ப்பதற்காகத் திரும்புகிறாரா, பார்க்கப் பிடிக்காமல் திரும்புகிறாரா?

"அப்பா, நான் தெரியிறனோ?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"ஓம்" என்றார், யன்னலைப் பார்த்தபடி.