நான்காவது கன்ட்ரோலர்

பத்து வயதில், முழுப்பரீட்சை லீவுக்கு ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோதுதான் நான் முதன்முதலாக வீடியோ கேம் விளையாடினேன். பெரியப்பாவின் ஒரே மகள், என் அக்கா, பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். பத்தாம் வகுப்பில் அவள் வாங்கிய மார்க்குக்காகச் சிங்கப்பூரிலிருந்து அவளுடைய மாமா அனுப்பிய கேம் அது. டிவியில் மாட்டி நான்கு பேர் விளையாடலாம். நான்காவது கன்ட்ரோலர் ஆளில்லாமல் கிடந்ததால் எனக்கு இடம் கிடைத்தது.

மற்ற இரண்டும் மேல் வீட்டு அண்ணன் தம்பிக்கு. அவர்களுடைய அப்பா காலேஜ் வாத்தியார்; ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு சர்ச்சுக்குக் கிளம்புவார்கள். மூத்தவர் காலேஜில் இரண்டாம் வருஷம், இளையவன் ஒன்பதாவது. பெரியப்பா ரயில்வே ஆபீசில் இருப்பார், பெரியம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பாள். இரண்டு மணி வாக்கில் அவர்கள் இறங்கி வருவார்கள். டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஆடுவோம். பெரியம்மாவுக்குத் தெரியும். தெரியாதவள் போலத் தூங்குவாள்.

வானத்தில் மிதக்கும் ஒரு திட்டு, அதற்கு மேலே அங்கங்கே சின்னப் பலகைகள். அவற்றின்மேல் தாவித் தாவி ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டும். அடி வாங்க வாங்கத் திரையின் கீழே நம்முடைய எண் ஏறும். எண் ஏற ஏற, அடுத்த அடிக்கு இன்னும் தூரமாகப் பறப்போம். திட்டைத் தாண்டி விழுந்தால் ஓர் உயிர் போச்சு. ஆளுக்கு மூன்று உயிர். அக்கா தடி வைத்த நரியை எடுத்துக்கொள்வாள். எனக்குக் கிடைத்தது பச்சைத் தவளை.

என் தவளையை யாரும் அடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தானாகவே ஓடிப்போய் ஓரத்திலிருந்து விழும். எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்துவேன். ஒரு நிமிஷத்துக்குள் மூன்று உயிரும் தீர்ந்துவிடும். பிறகு மற்றவர்கள் முடிக்கும்வரை வேடிக்கை பார்க்க வேண்டும். செத்த பிறகும் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பேன், இன்னும் ஆட்டத்தில் இருப்பவள் மாதிரி. அக்கா அதைக் கவனித்திருக்கிறாள். கேலி செய்ததில்லை. "ஓடாம நில்லுடி. அடிக்க வந்தா மட்டும் குதி" என்பாள், அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் கொஞ்சம் நிற்கக் கற்றேன். அந்தத் தைரியத்தில்தான் ஒரு மத்தியானம் இரண்டு அணியாகப் பிரிந்தோம். நானும் அக்காவும் ஒரு பக்கம், அண்ணனும் தம்பியும் எதிர்ப்பக்கம். அன்று என் தவளை ஏதோ அதிசயம் போலக் கடைசிவரை நின்றது. தம்பி போய்விட்டான். மூத்தவருக்கு ஒரே உயிர், எங்களுக்கு ஆளுக்கொன்று. அக்காவின் நரி அவரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது.

"இப்ப வாடி, அடி!" என்று கிசுகிசுத்தாள்.

ஓடினேன். இருந்த பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். பறந்துபோய் விழுந்தது அக்காவின் நரி. சொந்த அணிக்காரருக்கும் அடி விழும் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த தட்டில் தவளையும் போனது.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா எழுந்துவிடப் போகிறாளே என்று அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "தவளை எங்க டீம்தான்" என்று மூத்தவர் கையை நீட்ட, அக்கா அதில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. தோற்றவள் அவளும்தானே? ஜெயித்தவரோடு சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளே! பிறகு அவர், நரிக்கு இன்னொரு அடி உண்டு என்று சொல்லி, அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து எந்தப் பட்டனுக்குப் பிறகு எந்தப் பட்டன் என்று காட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் காபி குடித்தபடி பெரியப்பா வழக்கம்போல விசாரித்தார். "மத்தியானமெல்லாம் என்னம்மா பண்ணீங்க?"

"கேம் விளையாடினோம் பெரியப்பா."

"நீயும் அக்காவுமா?"

"மேல் வீட்டு அண்ணனும் வந்தாங்க. அக்கா கையப் புடிச்சு சொல்லிக்குடுத்தாங்க."

தம்பியைப் பற்றி நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். சமையலறையிலிருந்து பெரியம்மாவும் வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முந்திக்கொண்டாள். "சின்னப் புள்ளங்க. எதையோ பாத்துட்டு எதையோ சொல்லுது."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். அதுவரை நான் கேட்டிராத குரல். "பொய் சொன்னியா? சொல்லியிருந்தா இப்பவே ஒத்துக்க. அப்புறம் தெரிஞ்சுது, இந்த வீட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது."

நான் கதவோரமாக ஒதுங்கினேன். பெரியம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அவ பொய் சொல்றாப்பா' என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு இரண்டு அடி விழும், அத்தோடு முடிந்துபோகும். அதைச் சொல்லிவிடேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"அவ பொய் சொல்லலப்பா" என்றாள்.

கேம் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறியது. பெரியப்பா மாடிக்குப் போய் என்ன பேசினாரோ, ஆடி பிறப்பதற்குள் மேல் வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். ரிசல்ட் வந்தது. சென்னையில் அக்கா ஆசைப்பட்ட காலேஜில் இடம் கிடைக்கிற மார்க். பெரியப்பா விண்ணப்பமே வாங்கவில்லை. உள்ளூரில் ஒரு பெண்கள் காலேஜில் சேர்த்து, காலையில் தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுபோய் விட்டார். மூன்றாம் வருஷம் முடியுமுன் கல்யாணம். என்னை அந்த வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை. "உள்ளதை உள்ளபடி சொல்ற புள்ள" என்று பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

அக்கா இப்போது தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு முறையாவது போனில் பேசுவோம். அந்தக் கோடையைப் பற்றி நான் இரண்டு தடவை ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு தடவையும், "அதெல்லாம் எதுக்குடி இப்ப" என்று சொல்லிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். அவளுக்கும் மூத்தவருக்கும் நடுவில் ஏதாவது இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருந்திருந்தால் அது அவளுடைய விஷயம். இல்லாதிருந்தால், நான் செய்தது இன்னும் மோசம்.

அன்று அக்கா அந்தப் பதிலைச் சொன்னதும் எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. திட்டு எனக்கில்லை என்று ஆகிவிட்டது. அக்காவே ஒத்துக்கொண்டுவிட்டதால் நான் செய்தது சரிதான் என்றும் தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தபோது இன்னோர் அப்பளம் கேட்டேன். அக்காதான் எழுந்துபோய் எடுத்துவந்து தட்டில் போட்டாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.