நூலில்லாத தையல்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே ஏசிவிடுவார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த எனக்கு, இனிக்க இனிக்கப் பேசியே வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறவர்களை எப்படிச் சமாளிப்பதென்று தெரியவில்லை.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே நான் கைமடி. அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிற ஆள். எனக்கு வாய்த்த டெய்லர் அக்கா, காலர் டி-ஷர்ட்டின் கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கும் பட்டி தைப்பதில் கெட்டிக்காரர். அதில் குறை சொல்ல முடியாது. மற்ற எல்லாவற்றிலும் சொல்லலாம்.

எனக்கு மெஷினில் உட்கார வேண்டும். காலமெல்லாம் இன்னொருத்தி தைத்ததை அடுக்கிக்கொண்டு நிற்பதற்கு நான் ஊரைவிட்டு வரவில்லை. கைமடிகள் தையல் பழகுவது சாப்பாட்டு நேரத்தில்தான். டெய்லர் சாப்பிடப் போனதும் அவருடைய மெஷினில் உட்கார்ந்து, கழித்த துணியில் ஓட்டிப் பார்ப்போம். நானும் உட்கார்ந்தேன். பெடலில் கால் பட்டதுதான் தெரியும். துணியை இழுத்துக்கொண்டு ஓடி, ஊசி ஒடிந்தது.

அக்கா கோபப்படவில்லை. "பரவால்ல கண்ணு, ஊசிதானே" என்றார். மறுநாள் சாப்பிடப் போகும்போது மெஷினுக்கு அடியில் கையை விட்டு, பாபின் கேஸைக் கழற்றி டிபன் பைக்குள் போட்டுக்கொண்டார். அடிநூல் உட்காரும் அந்தச் சின்ன இரும்புக் கூடு இல்லாமல் ஒரு தையல்கூட விழாது.

"அத வச்சிட்டுப் போங்கக்கா" என்றேன்.

"தொலஞ்சு போயிரும் கண்ணு. நீ சாப்புட்டு நல்லா ரெஸ்ட் எடு."

பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து தினமும் கழற்றினார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மெஷினையே உதைத்திருப்பேன். ஆனால் உட்கார்ந்தேன். மேல்நூலை உருவிவிட்டு, கட்டிங் டேபிளில் கழித்துப்போட்ட காகிதத்தை வைத்து வெறும் ஊசியை ஓட்டினேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால், ஓட்டைகள் கோணல்மாணலாகத் தெரிந்தன. மனதுக்குள் அக்காவைத் திட்டிக்கொண்டே தினமும் ஓட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா வசவும் அந்தக் காகிதங்களில் இருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் ஓட்டைகள் நேராக வந்தன. காகிதத்தில் கோடு போட்ட பட்டியின் மூலையில் சொன்ன இடத்தில் திரும்பின.

அக்கா ஒரு கல்யாணத்துக்கு லீவு போட்ட நாள் பார்த்து ஆர்டர் அவசரம். "யாராச்சும் உக்காருங்க" என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் உட்கார்ந்தேன். அடியில் பாபின் கேஸ் இல்லை. கல்யாணத்துக்குப் போனவர் அதையும் கொண்டுபோயிருந்தார். ஸ்டோரிலிருந்து வேறொன்று வந்தது. முதல் தடவையாக நூல் கோத்துத் தைத்தேன். சூப்பர்வைசர் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்தது போடு" என்றார். சாயங்காலமே எனக்குத் தனி மெஷின் என்று முடிவானது.

திரும்பி வந்த அக்கா என் தலையைத் தடவினார். "இந்தப் புள்ள நம்ம மெஷின்ல பழகுனதுங்க. நாந்தானுங்க பழக்கிவுட்டேன்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார்.

பையில் சேர்த்துவைத்திருந்த காகிதங்களை எடுத்து சூப்பர்வைசரிடம் நீட்டினேன். "ஆமா சார். அக்கா பாபின் கேஸ கழத்திட்டுப் போவாவ. நான் இப்படித்தான் பழகுனேன்."

அவர் ஒன்றை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

அன்று சாப்பாட்டு மணி அடித்ததும், அக்கா தன் மெஷினில் எதையும் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். நான் அவர் பார்க்கும்படியாகவே என் மெஷினின் பாபின் கேஸைக் கழற்றி டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.