ஓடைக்கு வந்த பறவைகளும் அப்பாவின் தகரமும்

ஊர்ச் சாக்கடையை மறுபடியும் ஓடையாக்கும் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்: குப்பையை அள்ளுவது எளிது, ஏன் அள்ளுகிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். விலங்கியல் படித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, மதுரையிலிருந்த ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் களப்பணியாளராக எடுத்துக்கொண்டது. எங்கள் ஊரான கம்பத்தில் பின்பக்கமாகப் போகும் ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும், கரையில் மரம் நட வேண்டும், பறவைகளை மறுபடியும் வரவழைக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து மேலிடத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். பறவை இருந்தால் வேலை தொடரும், இல்லாவிட்டால் நான் வீட்டுக்குப் போகலாம். மகனுக்கு ஆபீஸ் வேலை என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்ததால், வீட்டுக்குப் போவது நடக்கிற காரியமில்லை.

என்ன காய்க்கும்?

முதல் வேலை மரம் நடுவது. அத்தி, நாவல், நீர்மருது என்று தேடிப் பிடித்து நட்டேன். எதிரே டீக்கடை வைத்திருந்த கருப்பையா அண்ணன் தினமும் கிளாஸ் கழுவிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார். தென்னை வைத்தால் தேங்காயாவது கிடைக்கும், இதில் என்ன கிடைக்கும் என்று ஒருநாள் கேட்டார். நான் பாடப்புத்தகத்தில் படித்ததையெல்லாம் சொன்னேன். அத்தி பழுத்தால் பறவை வரும், புதரில் கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அப்ப குருவிக்குக் காலனி வீடு கட்டிக் குடுக்குறீக. நல்லது தம்பி. எங்க தெருவுக்குத்தான் இன்னும் பட்டா வரல."

போர்டு

கன்றுகளைச் சுற்றிக் கோழிக்கடைக் கழிவு விழுந்துகொண்டே இருந்தது. மஞ்சள் போர்டில் சிவப்பு எழுத்தில், 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று எழுதி நட்டேன். மறுநாள் காலையில் போர்டின் காலடியிலேயே, சிந்தாமல் சிதறாமல், ஒரு மூட்டை கோழி இறகு இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

கோழிக்கடை முருகேசனிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டு, மரியாதையாகவே பேசினார்.

"முன்னெல்லாம் எங்கன கொட்டுறதுன்னே தெரியாம அலைவோம் தம்பி. நீங்க போர்டு வச்சப்புறம்தான் எடம் சரியாத் தெரியுது."

காக்காவை விட்டுவிட்டு

கோழிக் கழிவினால் ஒரு நன்மையும் உண்டு. காக்கைகள் வந்தன. சனிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நிறுவனத்தின் மதுரை மேடத்துக்கு, அந்த வாரம் என்னென்ன பறவை வந்தது என்று சொல்ல வேண்டும். "காக்கா வந்தது மேடம்" என்பேன். "காக்காவை விட்டுட்டுச் சொல்லுங்க" என்பார். வேறு எதுவும் வந்திருக்காது. இல்லாத மீன்கொத்தியைச் சொல்லிவிடலாமா என்று ஒரு வாரம் தோன்றியது உண்மை. பொய் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும், கண்ணாடிக் கூண்டுக்குள் அது நன்றாகவே தெரியும் என்பதால் விட்டுவிட்டேன்.

மாதக்கணக்கில் இதைக் கேட்ட பூத்துக்காரர் ஒருநாள் சில்லறை கொடுத்தபடி விசாரித்தார்.

"வாராவாரம் காக்கா வந்துச்சுன்னு சொல்றீகளே, அந்தம்மா வீட்டுக்கு விருந்தாளி வரணுமாக்கும்?"

முளைப்பாரி

ஓடையைச் சுத்தம் செய்ய வாருங்கள் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தேன். சொன்ன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வந்தேன். இந்த மாதிரி வேலை பார்த்த உங்களில் பலர் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்திருப்பீர்கள்.

கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் போனால், கரை முழுக்கப் பெண்கள். முளைப்பாரியைக் கரைக்கத் துறை வேண்டும் என்று அரிவாளும் மண்வெட்டியுமாக இறங்கி, கானாங்கோழி வந்து கூடு கட்டும் என்று நான் ஆசையாக விட்டுவைத்திருந்த கோரைப் புதரை வேரோடு வழித்துக்கொண்டிருந்தார்கள். கெஞ்சினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களுக்குத் தலைவியாக நின்ற ராசாத்தி அக்கா இடுப்பில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

மறுநாள் குலவைச் சத்தத்தோடு முளைப்பாரியைக் கரைத்தார்கள். பயிரும் முளைக்காத தானியமும் சேற்றில் ஒதுங்கின. அத்திக்கு வராத பறவைகள் தட்டாம்பயறுக்கு வந்தன. மைனா, புறா, சிட்டு, மீனைத் தேடி மடையான் என்று வந்தவை அங்கேயே தங்கியும்விட்டன. மேடம் சந்தோஷப்பட்டு, மேலிடத்தார் வரும் நாளைக் குறித்துவிட்டார். ஆனாலும் எனக்கு மறக்காதது கோரை வழித்த அன்று ராசாத்தி அக்கா சொன்னதுதான்.

"சுத்தம் பண்ணணும்னு நோட்டீஸ் குடுத்தவன் நீதானப்பா. பண்ணுனா அழுகுற."

ஒரு மணி நேரம்

ஓடைக்கு அந்தக் கரையில் எங்கள் குத்தகைத் திராட்சைத் தோட்டம். பன்னீர்த் திராட்சை பழுத்திருந்தது. ஓடையில் தங்கிய மைனாக்களுக்குப் பந்தல் எட்டும் தூரம். அலகு பட்ட குலையை வியாபாரி தொடமாட்டார் என்பதால், அப்பா விடியலிலேயே தகரத்தைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். சத்தம் கேட்டால் மேலிடத்தார் வரும்போது ஒரு பறவைகூட இருக்காது என்று பயந்து, நாளைக்கு மட்டும் ஒரு மணி நேரம் தட்ட வேண்டாம் என்று முந்தின நாள் ராத்திரி அவரிடம் கேட்டேன்.

காலையில் மேடமும் மேலிடத்தாரும் பைனாகுலரோடு வந்து நின்றார்கள். தகரச் சத்தம் இல்லை. பறவையும் இல்லை. தகரம் தட்டாததால் அத்தனையும் அப்பாவின் பந்தலுக்குள் இருந்தன. காலியான ஓடையை எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். காக்கையையாவது காட்டலாமா என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கரையில் தகரம் அலறியது. பந்தலிலிருந்து கூட்டமாகக் கிளம்பிய மைனாக்கள் ஓடையைத் தாண்டி வந்து, நான் கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்புகளில் வரிசையாக உட்கார்ந்தன. கேமராக்கள் கிளிக் கிளிக் என்றன. யார் அந்தப் பெரியவர் என்று மேடம் கேட்டார். எங்கப்பாதான், பழத்தைத் தின்னவிடாமல் விரட்டுகிறார் என்று உள்ளதைச் சொன்னேன். "உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பு" என்று அவர் எழுதிக்கொண்டார்.

வண்டி போனதும் அப்பாவிடம் ஓடினேன். கொத்துப்பட்ட குலைகளைக் கூடையில் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"முழுசா ஒரு மணி நேரம் பொறுக்கத்தான் பாத்தேன்டா. அங்கன நீ முழிச்சுக்கிட்டு நிக்கிற, இங்கன உன் ஆளுக உக்காந்து சாப்பிடுறாக. தட்டாம என்ன செய்ய?"

எனக்கு வேலை இன்னொரு வருடம் நீடித்தது. பறவைகளை வரவழைத்ததற்கான சம்பளம் எனக்கும், சரியான நேரத்தில் அவற்றை விரட்டியதற்கான கொத்துப்பட்ட திராட்சை அப்பாவுக்கும் கிடைத்தன.