நெய் வாசனை

போன மாதம்தான் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, தினமும் காலையில் நடை. திருத்தணியில் நடை என்றால் மலைக்கோயில் படிதான். இன்று மேலே ஏறி மூச்சு வாங்க நின்றபோது, யாரோ தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு கடந்து போனார்கள். அந்த நெய் வாசனையில் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அப்போதுதான் என் அப்பா, நைனாவுக்குச் சர்க்கரை வந்திருந்தது. அவரும் தினம் படியேறினார். ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் சர்க்கரை கூடிக்கொண்டே போனது. சந்தேகப்பட்ட அம்மா, ஒரு நாள் என்னைக் காவலுக்கு அனுப்பினாள்.

மேலே போனதும் நைனா நேராகப் போய் ஒரு தொன்னைப் பொங்கல் வாங்கி வந்தார். முந்திரி இருந்த பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"அம்மாகிட்ட சொல்லாத கண்ணு. சாமி குடுக்கறத வேணாம்னு சொல்லலாமா?"

முந்திரிக்கு நான் விலைபோனேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள். "நைனா எங்கியும் நிக்கலியே?"

"இல்லம்மா, நடந்துகினே இருந்தாரு."

அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்தாள். மறுநாளிலிருந்து நைனாவோடு அவளே படியேறினாள்.

இந்தக் கதையை என் கணவரிடம் எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கிறேன். இன்று வீடு திரும்பியதும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"கைய காட்டு" என்றார்.

தைரியமாக நீட்டினேன். இறங்கும் முன் குழாயடியில் இரண்டு முறை கழுவியிருந்தேன். நெய் வாசனை துளிகூட இல்லை.

முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நடக்கப் போறதுக்கு சோப்பு எதுக்கு எடுத்துகினு போன?"