குற்றாலத்தில் சினிமாப் பாட்டு இல்லை

போன வாரம் வெளியிட்ட என் பாட்டுகளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்று தென்காசியில் ஒரு மண்டபத்தில் பாட வேண்டியது. பாதி நேரமாவது சினிமாப் பாட்டு பாடினால்தான் மேடை என்று காலையில் மண்டபத்துக்காரர் சொன்னார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கிட்டாரோடு குற்றாலத்துக்கு வந்து, அருவிக்குப் போகும் வழியில் ஒரு சிப்ஸ் கடை முன்னால் நிற்கிறேன்.

"இங்க நின்னு பாடட்டுமா அக்கா?"

கடைக்கார அக்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்கிறார். "சினிமாப் பாட்டா?"

"இல்லக்கா, நானே எழுதினது."

"தெரியாத பாட்டை யாரு கேக்கப் போறா? குளிச்சிட்டுப் பசியோட வாரவுக நிக்க மாட்டாவ."

"நிக்காட்டியும் பாடுவேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடையில் அலறிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை நிறுத்துகிறார். "சரி, பாடு பாப்போம்."

சாரல் விழுகிறது. முதல் பாட்டுக்கு ஒருவரும் நிற்கவில்லை. இரண்டாவது பாட்டில், ஈரத் துண்டோடு ஒருவர் மனைவியுடன் நிற்கிறார்.

"சினிமாப் பாட்டு ஒண்ணு எடுத்து விடும்மா."

பாடினால் கூட்டம் கூடும். அது எனக்கும் தெரியும்.

"இதக் கேட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்று என் மூன்றாவது பாட்டைத் தொடங்குகிறேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு நடக்கிறார். மனைவி நகரவில்லை.

"ஏட்டி, வருதியா இல்லியா?"

"நீங்க போங்க. நான் கேட்டுட்டு வாரேன்" என்கிறார் அவர், என்னைப் பார்த்தபடியே.

நான் குரலை உயர்த்துகிறேன்.